சுருதி விலகியது யாருக்கு?

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். சொந்தக் குறையை ஊருக்குச் சொல்வதில் யாருக்குத்தான் கூச்சம் இருக்காது? அதிலும் இதில் என் குறை மட்டுமல்ல, நான் செய்த ஒரு தப்பும் சேர்ந்திருக்கிறது. கடைசியில் என் மனைவிதான், "எழுதுங்க. நம்மளாட்டம் எத்தனை வீட்டுல நடக்குதோ" என்றாள். அந்தத் தப்பினால் கஷ்டப்பட்டவளே அனுமதி கொடுத்த பிறகு எனக்கென்ன தயக்கம்?

எனக்கு இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைந்துவிட்டது. இடது காதில் அதிகம், வலது காது கொஞ்சம் பரவாயில்லை. இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர்கள் குரலை உயர்த்திவிடுகிறார்கள். காது கேட்கவில்லை என்றால் ரேடியோவில் சத்தத்தைக் குறைத்து வைத்த மாதிரி, கூட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எழுபது வயது தாண்டும் வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் காது எப்படிப் போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

1974-ல், 24 வயதில், கோவைப் பக்கம் ஒரு மில்லில் மேற்பார்வையாளராகச் சேர்ந்தேன். அடுத்த 34 வருடங்களில் 22 வருடம் தறிகள் ஓடும் கூடத்தில்தான் என் வேலை. அந்தக் காலத்துத் தறிகள் நாடா ஓடும் தறிகள். ஒரு பக்கத்து மரக்கோல் நாடாவை அடித்து அனுப்பும். அது மறுபக்கம் போய் முட்டி நிற்கும். அங்கே ஒரு அடி வாங்கிக்கொண்டு திரும்பும். நிமிடத்துக்கு 180 தடவை இப்படி. ஒரே கூரையின் கீழ் அப்படி 300 தறிகள். கதவைத் திறந்ததும் சத்தம் நெஞ்சில் வந்து மோதும்.

உள்ளே வாயால் பேசிப் பயனில்லை. நூல் அறுந்தால் ஒரு சைகை, டீக்கு ஒரு சைகை, மானேஜர் வருகிறார் என்றால் ஒரு சைகை. மீதியை உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வோம். இங்கிலாந்தில் லங்காஷயர் மில்களில் நெசவு வேலை பார்த்த பெண்கள் இதை ஒரு பாஷையாகவே வளர்த்து வைத்திருந்தார்கள். அதற்கு ‘மீ-மா’ என்று பெயர். பிற்காலத்தில் அதைப் பற்றிப் படித்தபோது எங்கள் கூடத்தைப் பற்றிப் படிப்பது போலவே இருந்தது.

ஷிப்டு முடிந்து வெளியே வந்தால் காதுக்குள் ‘கொய்ங்’ என்று ஒரு ரீங்காரம் இருக்கும். பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும். பக்கத்தில் சைக்கிள் மணி அடித்தாலும் எங்கேயோ அடிப்பது போலக் கேட்கும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். "பழகிப்போச்சு" என்போம். காது பழகுவதில்லை என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அந்த ரீங்காரமும் அடைப்பும் காது அடிபட்டதற்கு அடையாளம். தினமும் அடிபட்டுத் தினமும் தேறிக்கொண்டிருந்தால், ஒரு கட்டத்தில் தேறாமலே நின்றுவிடும்.

ஒரு தடவை மீட்டர் வைத்து அளந்தபோது 98 டெசிபல் காட்டியது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் உச்ச வரம்பு. எட்டுதானே கூடுதல் என்று நினைக்கக் கூடாது. டெசிபல் கணக்கு பெருக்கல் கணக்கு. மூன்று டெசிபல் ஏறினால் ஒலியின் சக்தி இரு மடங்கு. அப்படிப் பார்த்தால் 98 என்பது 90-ஐப் போல ஆறு மடங்குக்கும் மேல். என் மேஜை வாசல் பக்கம், சுவரை ஒட்டி இருந்தது. வலது காது சுவருக்கு, இடது காது தறிகளுக்கு. 22 வருடம்.

பிற்பாடு காதில் அடைத்துக்கொள்ள ஸ்பாஞ்சு அடைப்பான் கொடுத்தார்கள். நான் போட்டுக்கொள்ளவில்லை. மேற்பார்வையாளனே போடாதபோது தொழிலாளி ஏன் போடப்போகிறார்? இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் தொழில்சார் நோயாகவே இருந்தது. வேலையில் இருந்த காலத்தில் நான் அதைப் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை. என்னோடு இருந்த இரண்டு பேரை இப்போதும் பார்க்கப் போவேன். மூவரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பழையபடி கையசைத்தே பேசிக்கொள்கிறோம். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டுக்குத் திரும்பி வரும்போது, அதில் ஒரு பங்கு என்னுடையது என்பது உறுத்தும்.

இனி என் மனைவியைப் பற்றி.

அவள் பேரூர்ப் பக்கத்துப் பெண். சின்ன வயதில் ஓதுவார் ஒருவரிடம் தேவாரமும் திருப்புகழும் முறையாகப் பாடம் கேட்டவள். கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள் என்றால் அவளுக்கு உயிர். கல்யாணமான நாளிலிருந்து, சாயங்காலம் விளக்கு வைத்ததும் அரை மணி நேரம் பாடுவாள். முதலில் சுருதிப்பெட்டி இல்லாமல் பாடினாள். ஒரு தீபாவளி போனஸில் பெட்டி வாங்கிக் கொடுத்தேன். ஐந்தரைக் கட்டையில் ஆரம்பித்து, மேல் ஸ்தாயியில் சிரமமில்லாமல் நின்று வருவாள். தறிச் சத்தத்திலிருந்து வீட்டுக்கு வந்து அதைக் கேட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு ஓய்வு.

எனக்குப் பாட வராது. ஆனால் கேட்கத் தெரியும் என்று ஒரு பெயர் இருந்தது. சிலோன் ரேடியோ கேட்டு வளர்ந்த காது. கோவில் கச்சேரிகளுக்கு முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்காருவேன். நாதஸ்வரத்தில் ஒரு ஸ்வரம் நழுவினால் கண்டுபிடித்துவிடுவேன். "மாப்பிள்ளைக்குக் காது சுத்தம்" என்று என் மாமனார் நாலு பேரிடம் சொல்வார். அந்தப் பெருமைதான் பிற்பாடு என்னைக் கெடுத்தது.

2008-ல் ஓய்வு பெற்றேன். நாலைந்து வருடத்தில் உலகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போக ஆரம்பித்தது. டிவியில் செய்தி வாசிக்கிறவர்கள் வார்த்தையை மென்று முழுங்கினார்கள். புதுப் பாட்டுக்காரர்கள் வாய்க்குள்ளேயே பாடினார்கள். கோவில் மைக் செட்காரருக்குத் தொழில் தெரியவில்லை. பேரன் பேத்திகளுக்குத் திருத்தமாகப் பேச யாரும் சொல்லித்தரவில்லை. எல்லாவற்றையும் குறை சொன்னேன். என் காதைத் தவிர.

ஒரு நாள் சமையலறையிலிருந்து மனைவி, "மாடியில சட்டை காயுதுங்க, மழை வருது" என்றாள். எனக்குக் ‘கட்டை காயுது’ என்று கேட்டது. "கட்டை நனைஞ்சா நனையட்டும், என்ன இப்போ" என்று பேப்பரைப் புரட்டினேன். காஸ் அடுப்பு வந்து முப்பது வருடமான வீட்டில் விறகுக்கட்டை ஏது என்றுகூடத் தோன்றவில்லை. அன்றைக்கு நனைந்தது என்னுடைய நாலு சட்டைகள்தான். வீட்டில் இன்றுவரை இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. பேச்சில் சக்தி எல்லாம் உயிரொலிகளில் இருக்கிறது. அவை தாழ்ந்த அதிர்வெண் கொண்டவை. வார்த்தைக்கு வார்த்தை வித்தியாசம் காட்டுவதில் பெரும்பங்கு மெய்யொலிகளுக்கு. ச, த, ட, க, ஸ, ஷ இவற்றைப் பிரித்துக் காட்டும் நுட்பம் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே, மெல்லிய சத்தத்தில் இருக்கிறது. வயதானாலும் சரி, இரைச்சலில் அடிபட்டாலும் சரி, முதலில் போவது அந்த மேல்பகுதிதான். அதனால் ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது கேட்காது. "சத்தமாச் சொல்லு" என்போம். சத்தமாகச் சொன்னால் "ஏன் இப்படிக் கத்தறே?" என்போம். இரண்டுமே உண்மை. அடிபட்ட காதில், கேட்கவே கேட்காத சத்தத்துக்கும் தாங்க முடியாத சத்தத்துக்கும் இடையிலுள்ள தூரம் சுருங்கிவிடுகிறது. வீட்டிலிருப்பவர்கள் இதைக் கிழவனின் குணக்கேடு என்று நினைத்துக்கொள்வார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

சில சத்தங்கள் சொல்லாமலே போய்விட்டன. ராத்திரி சில்வண்டு. பால் பொங்கி அடுப்பில் வழியும்போது வரும் ‘சுர்’. பேத்தியின் கொலுசு. காய்ச்சல் பார்க்கும் கருவியின் ‘பீப்’. இவை இல்லையென்றே எனக்குத் தெரியாது. இருக்கிற சத்தத்தைத்தான் கவனிப்போம், இல்லாததை எப்படிக் கவனிப்பது?

கச்சேரியில் மட்டும் ஏதோ சரியில்லை என்று உறைத்தது. முதலில் போனது தம்புரா. தம்புராவில் தந்திக்கும் அடியிலுள்ள பலகைக்கும் நடுவே ஒரு சின்னப் பஞ்சு நூலை நுழைத்து வைப்பார்கள். ‘ஜீவா’ என்று அதற்குப் பெயர். அதைச் சரியான இடத்துக்கு நகர்த்தியதும், வெறுமனே ‘டொய்ங்’ என்றிருந்த தந்தி பொன் வண்டு மாதிரி ரீங்கரிக்கும். நூலிலேயே பிழைத்தவன் என்பதால் எனக்கு அந்த நூல் மேல் தனிப் பிரியம். அந்த ரீங்காரம் முழுக்க மேல் அதிர்வெண்களால் ஆனது. என் காதில் அது இல்லாமல்போய், தம்புரா மறுபடி ‘டொய்ங்’ ஆகிவிட்டது. "ஜீவா சரியா வைக்கலை போல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அடுத்து, பாட்டும் வயலினும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. முன்பெல்லாம் பாடகரைத் தனியாகவும் வயலினைத் தனியாகவும் பின்தொடர முடியும். இப்போது மழையில் நனைந்த காகிதத்தில் மை கலங்கின மாதிரி இரண்டும் ஒன்றாகிவிட்டது. மிருதங்கத்தில் இடது பக்கத்துத் ‘தொம்’ மட்டும் பாக்கி. வலது பக்கத்து நுட்பமெல்லாம் தூரத்தில் யாரோ தட்டுவது போல. கச்சேரிக்குப் போவதைக் குறைத்தேன். "இப்பல்லாம் யாரு ஒழுங்கா பாடறாங்க?" என்று காரணமும் சொல்லிக்கொண்டேன்.

பழைய பாட்டுகள் மட்டும் அப்படியே கேட்டன. சுந்தராம்பாள் பாட்டை ஒலிக்கவிட்டால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழும். "பார்த்தியா, அந்தக் காலத்துக் குரல்னா அதுதான்" என்பேன். அவருடைய உச்சரிப்பு கணீர் என்றிருப்பது உண்மைதான். ஆனால் பாதிப் பாட்டை என் நினைவுதான் பாடிக்கொண்டிருந்தது. காது நாலு துண்டு கொடுத்தால், மூளை ஏற்கெனவே தெரிந்த பாட்டின் மீதியைத் தானே நிரப்பிவிடும். தெரியாத பாட்டுக்கு நிரப்ப அதனிடம் சரக்கு இல்லை. பழையதெல்லாம் நல்லது, புதியதெல்லாம் மோசம் என்ற என் முடிவுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

இப்போது அந்தத் தப்புக்கு வருகிறேன்.

2019-ல் ஒரு வெள்ளிக்கிழமை. மைத்துனர் குடும்பம் வீட்டுக்கு வந்திருந்தது. விளக்கு வைத்ததும் வழக்கம் போல மனைவி பாடினாள். எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து கேட்டோம். கீழே பாடும் வரை சரியாக இருந்தது. மேல் ஸ்தாயிக்குப் போனதும் எனக்குக் கூசியது. சுருதியோடு சேராமல் விலகி நின்றது. ஒரு தடவை இல்லை, மேலே போகும்போதெல்லாம். பல மாதமாகவே அப்படித்தான் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும், "அம்மணி, மேல போறப்ப சுருதி விலகுது. வயசாச்சு, இனிமே கீழேயே பாடிக்கோ" என்றேன்.

"அப்படிங்களா?" என்றாள். சிரித்தாள். காபி போட எழுந்து போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து அவள் பாடவில்லை. விளக்கு வைப்பாள், புத்தகத்தைப் பிரித்து வைத்து உதடு மட்டும் அசையப் படிப்பாள். சுருதிப்பெட்டி அலமாரிக்குள் போய்விட்டது. இதை நான் கவனிக்கவே ஒரு மாதம் ஆயிற்று. கவனித்த பிறகும் கேட்கவில்லை. வயதாகிறது, குரல் தளர்ந்துவிட்டது, அவளுக்கே தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கொரோனா வந்தது. இரண்டு பேரும் இரண்டு வருடம் வீட்டுக்குள்ளேயே இருந்தோம். அந்த அமைதி எனக்கு விசித்திரமாகவே படவில்லை.

2023-ல் மகள் வந்திருந்தபோது டிவி சத்தத்தைக் கேட்டுவிட்டு, பிடிவாதமாக என்னைக் காது சோதனைக்கு அழைத்துப் போனாள். சத்தம் புகாத சின்ன அறை. காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். பரீட்சை எழுதும் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பல நேரம் ஒன்றுமே கேட்கவில்லை, மெஷின் ரிப்பேர் போல என்று நினைத்தேன். முடிந்ததும் ஒரு தாளைக் காட்டினார்கள். இடது பக்கம் மேலே ஆரம்பித்த கோடு வலது பக்கம் போகப் போகச் சரிந்து இறங்கியது. இடது காதில் 500 ஹெர்ட்ஸில் 40 டெசிபல், 1000-ல் 50, 4000-க்குப் போனால் 80.

சோதனை செய்த பெண்ணுக்கு என் மகளைவிடச் சின்ன வயது. பொறுமையாக விளக்கினார். உள்காதில் நத்தைக்கூடு மாதிரி சுருண்ட ஒரு குழாய். நீட்டி வைத்தால் மூன்றரை சென்டிமீட்டர்தான். அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள். மேல் ஸ்தாயி ஒலிகளுக்கான செல்கள் வாசலில், கீழ் ஸ்தாயிக்கானவை கடைக்கோடியில். மனிதனுக்கு அவை ஒரு தடவை செத்தால் செத்ததுதான், மறுபடி முளைக்காது. "கோழிக்கு மறுபடி முளைக்கும் சார்" என்றார். கோழிக்குக் கொடுத்து வைத்தது நமக்குக் கொடுத்து வைக்கவில்லை.

கிளம்பும் நேரத்தில், "பாட்டு கேட்பீங்களா சார்?" என்றார். என் புராணத்தை ஆரம்பித்தேன். நடுவில் நிறுத்தி, "ஒரே ஸ்வரம் ரெண்டு காதுலயும் ஒரே மாதிரி கேட்குதா? வீட்டுல ஒவ்வொரு காதா மூடிப் பாருங்க" என்றார். இது என்ன கேள்வி என்று நினைத்தேன்.

வீட்டில் பேத்தி விட்டுப்போன சின்னக் கீபோர்டு ஒன்று இருந்தது. மத்தியான நேரம், மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். கீழ்க் கட்டை ஒன்றை அமுக்கி, இடது காதை மூடிக் கேட்டேன், வலது காதை மூடிக் கேட்டேன். பெரிய வித்தியாசமில்லை. ஒவ்வொன்றாக மேலே போனேன். மேல் ஷட்ஜம் வந்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. வலது காதில் ஒரு ஸ்வரம், இடது காதில் அதைவிட ஏறிய இன்னொரு ஸ்வரம். இன்னும் மேலே போனால் கிட்டத்தட்ட அரை ஸ்வர வித்தியாசம். இரண்டு காதையும் திறந்து வைத்தால், சுருதி சேராத இரண்டு பேர் ஒன்றாகப் பாடுகிற மாதிரி இருந்தது. அமுக்கியிருந்தது ஒரே ஒரு கட்டை.

மனைவியை எழுப்பி, அவளையும் காதை மூடிக் கேட்கச் சொன்னேன். தூக்கக் கலக்கத்தில், "ரெண்டுலயும் ஒண்ணாத்தானுங்க கேக்குது. எதுக்கு?" என்றாள்.

"அன்னிக்குச் சுருதி விலகினது உனக்கில்லை அம்மணி. எனக்கு" என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை. கீபோர்டை அணைத்து வைத்துவிட்டு உள்ளே போனாள். ராத்திரி சாப்பிடும்போதுதான் பேசினாள். "நாலு வருசமா என் தொண்டை கெட்டுப்போச்சுன்னே நெனச்சுட்டு இருந்தனுங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு. மார்கழிக்குக் கோயில்ல பாடக் கூப்பிட்டாங்க. மூணு தடவை கூப்பிட்டாங்க. வர முடியாதுன்னு சொல்லிப்போட்டேன்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்தக் கோளாறுக்கு டிப்ளாக்யூசிஸ் என்று பெயர். அடுத்த தடவை போனபோது அந்தப் பெண் ஒரு உதாரணம் சொன்னார். 12-ஆம் நம்பர் வீடு பூட்டிக் கிடந்தால் தபால்காரர் 13-ஆம் நம்பரில் கொடுத்துவிட்டுப் போவார் இல்லையா, அது போல, ஒரு ஸ்வரத்துக்கான செல்கள் செத்துவிட்டால் பக்கத்துச் செல்கள் அதை வாங்கிக்கொள்ளும். மூளைக்கு அது பக்கத்து ஸ்வரமாகவே போய்ச் சேரும். இரண்டு காதும் ஒரே அளவில் கெடாதபோது இது வெளியே தெரியும்.

பெரிய சங்கீதக்காரர்களையே இது விட்டுவைக்கவில்லை. பிரான்ஸில் காப்ரியேல் ஃபோரே என்று ஒரு இசையமைப்பாளர். 1905 முதல் 1920 வரை பாரிஸ் இசைக் கல்லூரியின் தலைவர். அவருக்குக் காது மந்தமானதோடு நிற்கவில்லை. மேல் ஸ்வரங்களும் கீழ் ஸ்வரங்களும் அபஸ்வரமாகக் கேட்டன. செக் நாட்டு ஸ்மெடனாவுக்கு 1874-ல் காது அறவே போனது. இரண்டு வருடம் கழித்து எழுதிய ஒரு நால்வர் இசையில், காதுக்குள் ஓயாமல் கேட்ட அந்தக் கூர்மையான ஒலியை வயலினில் ஒரே நீண்ட மேல் ஸ்வரமாக எழுதி வைத்தார். அவர்களுக்கெல்லாம் கோளாறு தங்களுக்குள் இருக்கிறது என்று தெரிந்திருந்தது. நான் அதை என் மனைவியின் தொண்டையில் தேடினேன்.

காது மிஷின் வாங்கிக்கொண்டேன். பேச்சுக்கு அது பெரிய உபகாரம். ‘சட்டை’ சட்டையாகக் கேட்கிறது. சில்வண்டு திரும்பி வந்தது. முதல் நாள் ராத்திரி, வீட்டில் ஏதோ மின்சாரக் கோளாறு என்று நினைத்து ஸ்விட்சுகளையெல்லாம் அணைத்துப் பார்த்தேன்.

பாட்டு வேறு விஷயம். மிஷின் முக்கியமாகப் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. மெல்லிய சத்தத்தைத் தூக்கும், பெரிய சத்தத்தை அமுக்கும். அதனால் பாடகர் குழைந்து பாடுவதும் கம்பீரமாகப் பாடுவதும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். தொடர்ந்து ஒரே மாதிரி வரும் ஒலியை இரைச்சல் என்று நினைத்துக் குறைக்கப் பார்க்கும். தம்புராவுக்கு அந்தக் கதிதான். ஒரு கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் ஒரு ஸ்வரத்தை நீளமாகப் பிடித்தார். மிஷின் அதைத் தன்னுடைய விசில் சத்தம் என்று நினைத்து அடக்கப் போய், கூடவே ‘கீ கீ’ என்று ஒரு எதிர்ப்பாட்டுப் பாடியது. பிறகு அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பாட்டுக்கென்று தனியாக ஒரு அமைப்பு வைத்துக் கொடுத்தார். அதில் இந்தச் சாமர்த்தியங்களையெல்லாம் நிறுத்தியோ குறைத்தோ வைத்திருக்கிறார். இப்போது கேட்கும்படி இருக்கிறது. மிஷின் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இடது காதின் சுருதிப் பிசகை மிஷினால் சரிசெய்ய முடியவில்லை. அதனால் பாட்டு கேட்கும் நேரம் மட்டும் இடது மிஷினைக் கழற்றி, அந்தக் காதை அடைத்துக்கொண்டு, வலது காதால் மட்டும் கேட்கிறேன். சிலருக்கு நாளாக ஆக மூளை பழகிக்கொள்ளுமாம். எனக்கு ஆன வரை ஆகட்டும்.

அவளை மறுபடி பாட வைக்க ஆறு மாதம் ஆயிற்று. நாலு வருடம் சாதகம் இல்லாத குரல். நான் கெஞ்சியதற்கு மசியவில்லை. ஒரு நாள் கோவிலிலிருந்து தோழி ஒருத்தி வந்து, மார்கழிக்கு ஆள் போதவில்லை என்றாள். அன்று சாயங்காலம் அலமாரியிலிருந்து பெட்டி வெளியே வந்தது. ஐந்தரைக் கட்டைக்கு இப்போது குரல் ஏறுவதில்லை. நாலரையில் பாடுகிறாள். அந்த நாலு வருடம் பாடிக்கொண்டே இருந்திருந்தால் ஐந்தரையில் நின்றிருக்குமோ என்று ஒரு தடவை கேட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்குங்க?" என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

எழுபதைத் தொட்டவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். கண்ணாடிக்குக் கூச்சப்படாத நாம் காது மிஷினுக்கு மட்டும் ஏன் கூச்சப்படுகிறோம் என்று தெரியவில்லை. டிவி, மைக், மருமகள் பேச்சு என்று எல்லாமே தெளிவில்லாமல்போனால், ஒரு தடவை காதைச் சோதித்துப் பாருங்கள். மில், பட்டறை, டீசல் இன்ஜின் பக்கம் வேலை செய்தவர்கள் இன்னும் சீக்கிரமே பாருங்கள். பாட்டு கேட்கிறவர்கள் அந்தக் கீபோர்டு சோதனையையும் செய்துவிடுங்கள். அதற்குச் செலவே இல்லை. அதற்கு முன்னால் யார் பாட்டையும் அபஸ்வரம் என்று சொல்லிவிடாதீர்கள். குறிப்பாக வீட்டில் பாடுகிறவர்களை.

இப்போதெல்லாம் விளக்கு வைத்ததும் அவளுக்கு இடப்பக்கமாக, என் வலது காது அவள் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்துகொள்கிறேன். சில நாள் மேல் ஸ்தாயியில் இன்னும் லேசாக விலகுகிற மாதிரிதான் கேட்கிறது. வாயைத் திறப்பதில்லை. பாடி முடித்ததும் அவள் பெட்டியில் காதை வைத்து ஒரு தடவை சுருதியைச் சரிபார்த்துக்கொள்கிறாள். என்னைக் கேட்பதில்லை.